சைக்கிள்ல கஞ்சன், ஓட்டத்துல கர்ணன்

ஆபிஸ்ல பக்கத்து க்யூபிக்கிள் தம்பி லங்காவி அயர்ன்மேனுக்கு பணம் கட்டிட்டான். முதல் தடவை. நேத்து கேன்டீன்ல வந்து உக்காந்து, "அண்ணா, சைக்கிள்ல ஆவரேஜ் 30 வெச்சுக்கலாமா?"ன்னு கேட்டான். டீ ஆறுற வரைக்கும் விளக்கினேன். தலையை ஆட்டினானே தவிர, நம்பின மாதிரி தெரியல. அதான் இங்க வந்து கொட்டுறேன். பொறுத்துக்குங்க மக்கா.

தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. கடல்ல 3.8 கிலோமீட்டர் நீச்சல், வெளிய வந்து 180 கிலோமீட்டர் சைக்கிள், இறங்கி 42.2 கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் ஒரே நாள்ல, 17 மணி நேரத்துக்குள்ள. இதுக்கு காசு வேற கட்டணும். ஏன்னு கேக்காதீங்க, எங்க அம்மாவுக்கே இன்னும் பதில் சொல்லல.

என் கருத்து இதுதான். முதல் தடவை போறவன் சைக்கிள்ல தன்னால முடியிற வேகத்துல போகக் கூடாது. வெக்கப்படுற அளவுக்கு மெதுவா போகணும். ஒல்லியா ஒரு தாத்தா பெல் அடிக்காத குறையா தாண்டிப் போவார், சிரிச்சுக்கிட்டே வழி விடணும்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்ல. 2022-ல கோவாவுல பாதி தூரப் போட்டிக்கு போனேன். 1.9 நீச்சல், 90 சைக்கிள், 21.1 ஓட்டம். ஈசிஆர்ல நான் பழகினது மணிக்கு 27. அன்னைக்கு பாத்து கால் பஞ்சு மாதிரி இருந்துச்சு, முன்னாடி போனவன் பின்னாடி போட்டோவுக்கு போஸ் குடுக்குற மாதிரி மிதிச்சு, 90 கிலோமீட்டரை சரியா மூணு மணி நேரத்துல முடிச்சேன். வழக்கமான வேகத்துல போயிருந்தா 3 மணி 20 நிமிஷம். அதாவது 20 நிமிஷம் லாபம். இறங்கும்போது வாட்ச்சை பாத்து சிரிச்சேன், அது ஞாபகம் இருக்கு.

ஓட்டத்துல ஆறாவது கிலோமீட்டர்ல குடிச்ச தண்ணி வயித்துல நின்னு குலுங்க ஆரம்பிச்சுது. பத்துல வாந்தி. பதினாறுல ரெண்டு தொடையும் சுருட்டிப் புடிச்சு ரோட்டோரமா படுத்துட்டேன். 2 மணி 20 நிமிஷத்துல முடிக்க வேண்டிய ஓட்டம், 3 மணி 40 நிமிஷம் ஆச்சு. 20 நிமிஷம் மிச்சம் புடிச்சு 80 நிமிஷம் செலவு. நம்ம ப்ராஜெக்ட்ல கோடிங்ல ஒரு வாரம் மிச்சம்னு மேனேஜர் மெயில் போட்டு, டெஸ்டிங்ல மூணு வாரம் ராத்திரி முழிப்போமே, அதே கணக்கு.

ஆனா அது இல்ல விஷயம். ஊர்ல அப்பா போன்ல ட்ராக்கரை திறந்து வெச்சுட்டு உக்காந்திருந்திருக்கார். புள்ளி நகரவே இல்ல. முக்கா மணி நேரம். அப்பாவுக்கு அந்த ஆப்பும் புரியாது, யாருக்கு போன் பண்றதுன்னும் தெரியாது. முடிச்சிட்டு நான் கூப்பிட்டப்ப அவர் பேசல, அம்மாகிட்ட குடுத்துட்டார். அம்மா கேட்டது ஒரே கேள்வி: "ஏம்ப்பா, யாரு உன்னைத் துரத்துனா?"

யாரும் துரத்தல. அதுதான் பிரச்சனையே.

அப்புறம் பொட்டி தட்டுற புத்தியோட உக்காந்து கணக்கு போட்டேன். சமதள ரோட்டுல சைக்கிளுக்கு பெரிய எதிரி காத்து. காத்தை கிழிச்சுட்டு போக வேண்டிய பவர், வேகத்தோட மூணாவது அடுக்குல ஏறும். வேகத்தை 10 சதவீதம் கூட்டினா, காத்துக்கு மட்டும் 33 சதவீதம் பவர் கூட வேணும். முழு தூரத்துக்கு போட்டுப் பாருங்க. 180 கிலோமீட்டரை 25-ல போனா 7 மணி 12 நிமிஷம், 27.5-ல போனா 6 மணி 33 நிமிஷம். மிச்சம் 39 நிமிஷம். மாரத்தானை கிலோமீட்டருக்கு ஏழரை நிமிஷத்துல மெல்ல ஓடினா 5 மணி 16 நிமிஷம். காலை இழுத்துட்டு 12 நிமிஷத்துல நடந்தா 8 மணி 26 நிமிஷம். நஷ்டம் 3 மணி 10 நிமிஷம். இந்த டீலுக்கு எவனாவது கையெழுத்து போடுவானா? நான் போட்டேன், ஹி ஹி.

வாந்திக்கும் காரணம் அதுதான். உடம்புல கிளைகோஜனா சேத்து வெச்சிருக்கறது சுமார் 2000 கலோரி. மெதுவா போனா கொழுப்பு கூட எரியும், இந்த சேமிப்பு நீடிக்கும். அழுத்தி மிதிச்சா சேமிப்புலேர்ந்துதான் பெருசா போகும். போற வழியில சாப்பிடலாமேன்னா, பழக்கப்படாத வயிறு மணிக்கு 60 கிராம் மாவுச்சத்துதான் உள்ள இழுக்கும். குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கலந்து குடிச்சு பழக்கினா 90. அதுவும் வயித்துக்கு ரத்தம் வந்தாதான். வெயில்ல தோலுக்கு கொஞ்சம் ரத்தம், வேகத்துக்கு தொடைக்கு நிறைய ரத்தம், வயித்துக்கு பட்டை நாமம். குடிச்சதெல்லாம் அப்படியே நிக்கும்.

பெரிய ஆளுங்களே இதுல வழுக்கியிருக்காங்க. 2024 கோனா உலக சாம்பியன்ஷிப்ல சாம் லெய்ட்லோ சைக்கிளை 3 மணி 57 நிமிஷத்துல முடிச்சு அந்த ரூட்டுக்கே புது ரெக்கார்ட் போட்டார். மாரத்தான்ல வேகம் வடிஞ்சு போச்சு. ஜெயிச்சது ஓட்டத்துல பேர் வாங்கின பாட்ரிக் லாங்கே. 1989-ல அதே கோனாவுல மார்க் ஆலன் நாள் முழுக்க டேவ் ஸ்காட்டை ஒட்டியே போய், கடைசி சில மைல்லதான் பிரிஞ்சு ஓடி ஜெயிச்சார். எட்டு மணி நேரத்துக்கு மேல நடந்த போட்டி, வித்தியாசம் ஒரு நிமிஷத்துக்குள்ள. அவ்வளவு நேரம் அடக்கிட்டு இருந்த அந்த மனுஷனைத்தான் எனக்குப் புடிக்கும்.

எங்க க்ரூப்ல சில பேர் சொல்லுவாங்க, "முதல் தடவை உயிரைக் குடுத்து மிதி, அப்பதான் உன் எல்லை தெரியும்"னு. எல்லையை பத்து கிலோமீட்டர் ரேஸ்ல கண்டுபுடிங்க சாமி, அங்க உடைஞ்சா அரை மணி நேரத்துல வீட்டுக்கு போயிடலாம். பதினாலாவது மணி நேரத்துல, இருட்டுல, வேற நாட்டுல கண்டுபுடிக்கறது என்ன வீரம்? இன்னொரு பார்ட்டி "முடிச்சா போதும், ப்ளான் எதுக்கு"ம்பாங்க. அவங்கதான் எனக்கு முன்னாடி விழுவாங்க. மெதுவா போறதுக்குத்தான் ப்ளானே வேணும். வேகமா போறது தானா வரும்.

நீச்சல் பத்தி பெருசா ஒண்ணும் இல்ல. ஓரமா நின்னு, முட்டி மோதுறவங்க போனப்புறம் இறங்குங்க. உயிரைக் குடுத்து நீந்தினாலும் நம்மள மாதிரி ஆளுங்களுக்கு மிச்சமாகறது நாலஞ்சு நிமிஷம்.

2024-ல லங்காவி போனேன். சைக்கிள் கம்ப்யூட்டர்ல ஆவரேஜ் ஸ்பீட் வர்ற ஸ்க்ரீனையே எடுத்துட்டேன். ஹார்ட் ரேட் மட்டும். பேச்சு வராத அளவுக்கு மூச்சு வாங்கினா கியரை இறக்குறது, அவ்வளவுதான் சட்டம். லங்காவி மேடு பாத்தா சும்மா இருக்க முடியாது, எல்லாரும் எழுந்து நின்னு மிதிப்பாங்க. நான் உக்காந்தே உருட்டினேன். முதல் 60 கிலோமீட்டர்ல என்னைத் தாண்டினவங்களை எண்ண ஆரம்பிச்சு, நூறுக்கு மேல விட்டுட்டேன். 7 மணி 40 நிமிஷம் ஆச்சு. ஓட்டத்துல முதல் தண்ணிப் பந்தல்லேர்ந்தே நடை. கால் நல்லா இருக்கும்போதே நடக்கணும், அதுதான் கஷ்டம். சுத்தி நின்னு கத்துறாங்க, உள்ள இருக்கற கழுதை ஓடு ஓடுங்குது. பந்தல் முடியற வரைக்கும் நடந்து, ஐஸை தொப்பிக்குள்ள போட்டு, அப்புறம் ஓட்டம். கடைசி வரைக்கும் அப்படியே. 30-வது கிலோமீட்டருக்கு மேல காலையில தாண்டிப் போன முதுகெல்லாம் ஒவ்வொண்ணா திரும்ப வந்துச்சு. அந்த தாத்தா மட்டும் கிடைக்கல. மொத்தம் 15 மணி 30 நிமிஷம். அப்பாவோட ட்ராக்கர்ல புள்ளி எங்கயும் நிக்கல.

இன்னைக்கு தம்பி திரும்ப வந்தான். "சரிண்ணா, 27?" ஞாயித்துக்கிழமை ஈசிஆர்ல 27-லயே அஞ்சு மணி நேரம் ஓட்டு, சைக்கிளை சாத்திட்டு வெயில்ல ஒரு மணி நேரம் ஓடு, திங்கக்கிழமை பேசலாம்னு அனுப்பியிருக்கேன்.

பி.கு: பணம் கட்டினதை அவன் இன்னும் வீட்டுல சொல்லலயாம். அதுக்கு என்கிட்ட எந்த ப்ளானும் இல்ல :-)