பாதர்ஸ்ட் பந்தயமும் ஆஸ்திரேலியக் கைத்தொழிலும்

ஆஸ்திரேலியாவிலே பாதர்ஸ்ட் நகரத்தை அடுத்த மௌண்ட் பனோரமா என்னும் குன்றைச் சுற்றி ஒரு ரஸ்தா செல்கிறது. பொருளாதார மந்தத்தால் வேலையிழந்தோருக்குக் கூலி கொடுக்கும் பொருட்டுப் போடப்பட்டு, 1938-ல் திறக்கப்பட்டது அது. மற்ற நாட்களில் எவரும் போகக்கூடிய பொதுப் பாதை. வருஷத்துக்கொரு முறை, அக்டோபரில், 161 சுற்றுக்கள் கொண்ட மோட்டார்ப் பந்தயக் களம். இதை வெறும் வேடிக்கையென்று தள்ளிவிடுவதற்கில்லை. ஒரு தேசம் தன் யந்திரத் தொழிலைப் பறிகொடுத்த வரலாறு இதனுள் அடங்கியிருக்கிறது.

பிலிப் தீவில் 1960-ல் தோன்றிய இப்பந்தயம், அங்கே பாதை சிதைந்துபோகவே, 1963-ல் பாதர்ஸ்டுக்கு வந்தது. ஆஸ்திரேலியாவிலே செய்யப்பட்ட, அல்லது அங்கே பூட்டப்பட்ட வண்டிகளே ஓடலாம். அவையும் கடையில் பொது ஜனங்களுக்கு விற்கப்படும் வண்டிகளாகவே இருக்கவேண்டும் என்பது ஆதி ஏற்பாடு. உள்நாட்டுச் சரக்குக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை ஏது? 1966-ல் மினி கூப்பர் வண்டிகள் முதல் ஒன்பது ஸ்தானங்களையும் பிடித்தன. மறு வருஷம் போர்டு பால்கனும், அதற்கடுத்த வருஷம் ஹோல்டன் மொனாரோவும் வென்றன. பிறகு ஜனங்கள் இரு கட்சிகளாகப் பிரிந்துவிட்டனர். ஹோல்டன் கட்சியின் வீரர் பீட்டர் பிராக் ஒன்பது முறை வாகை சூடினார்; 1979-ல் அவர் ஆறு சுற்றுக்கள் முந்தி வென்றார்.

ஹோல்டனைச் சுதேசி வண்டியென்றே ஜனங்கள் கொண்டாடினர். 1948-ல் முதல் வண்டியை வெளியிட்ட பிரதம மந்திரி சிப்ளியும் பாதர்ஸ்டில் பிறந்தவரே. ஆனால் ஸ்தாபனமோ 1931 முதல் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸின் உடைமை. கொடி நம்முடையது, பெட்டிச் சாவி பிறனுடையது என்றால் அது எத்தகைய சுதேசியம்?

1991-லும் 1992-லும் ஜப்பானிய நிஸ்ஸான் வென்றபோது கூட்டம் கூச்சலிட்டது. 1993 முதல் ஹோல்டன், போர்டு இரண்டின் எட்டு ஸிலிண்டர் வண்டிகளுக்கே முதலிடம் எட்டும்படி விதிகள் மாறின. பந்தயத்துக்குக் காப்பு வரி போட்டாயிற்று. தொழிற்சாலைக்கோ இருந்த காப்பும் போயிற்று! 1980-களில் நூற்றுக்கு 57.5 ஆக இருந்த இறக்குமதி வரி 2010-ல் 5 ஆகக் குறைந்தது. கூலி உயர்வு, சந்தைச் சுருக்கம், நாணய மதிப்பு என்று கம்பெனிகள் சொன்ன காரணங்கள் பொய்யல்ல. எனினும் குன்றின் மேல் நின்று ஹோல்டனுக்கு ஆரவாரித்தவர்களில் எத்தனை பேர் வீட்டுக்கு ஜப்பானிய வண்டியை வாங்கினார்கள் என்றும் கேட்கவேண்டியிருக்கிறது.

2016-ல் போர்டும், 2017-ல் டொயோட்டாவும் ஹோல்டனும் தங்கள் கார் தொழிற்சாலைகளை மூடின. 2020-ல் ஹோல்டன் என்ற பெயரையே முதலாளிகள் கைவிட்டனர். பாதர்ஸ்டில் ஹோல்டன் கடைசியாக ஓடியது 2022-ல், வென்றதும் அதுவே. மறு வருஷம் அதன் இடத்தில் அமெரிக்கக் கமாரோ வந்து, போர்டு மஸ்டாங்கோடு மோதியது. பந்தயத்துக்கான இவ்வண்டிகளை இன்னமும் ஆஸ்திரேலியப் பட்டறைகளிலேதான் கட்டுகிறார்கள். தொழிலாளியின் கைத்திறன் போய்விடவில்லை. முகப்பில் ஒட்டும் பெயர்தான் கடல் கடந்து வருகிறது.