வாளித் தண்ணீரும் கிணறுதான்

2019 தீபாவளியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அக்டோபர் 25-ஆம் தேதி மாலை, மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தான். தமிழ்நாடே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தது. 29-ஆம் தேதி விடியுமுன் அவன் உடலைத்தான் எடுக்க முடிந்தது.

அதற்கு முந்தின நாள் நம் தூத்துக்குடியில், திரேஸ்புரத்தில், இன்னொரு குழந்தை போய்விட்டது. அதற்கும் இரண்டு வயதுதான். பெற்றோர் அந்த மீட்புப் பணியை டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்த நேரம், குளியலறைத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து மூழ்கிவிட்டது.

"பிள்ளையைப் பார்க்காமல் அப்படி என்ன டி.வி.?" என்று கேட்கத் தோன்றும். அது நியாயமில்லை என்பது என் கருத்து. ஊரார் பிள்ளைக்காக மனம் பதைத்து உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். அடுப்பில் பால் பொங்கினாலும், வாசலில் யாராவது கூப்பிட்டாலும், எந்தத் தாயின் கண்ணும் ஒரு நிமிஷம் விலகத்தான் செய்யும். ஆகவே, கண்காணிப்பை மட்டும் நம்பக் கூடாது.

நடக்கப் பழகும் குழந்தைக்கு உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். எட்டிப் பார்த்தால் தலைகுப்புற விழும். கையை ஊன்றி எழும்பத் தெரியாது. பாதி நிரம்பிய வாளி சாயவும் சாயாது. சில அங்குலத் தண்ணீரே போதும். அழுகைச் சத்தமும் கேட்காது.

பிரான்சில் 2003-இல் ஒரு சட்டம் போட்டார்கள். வீட்டு நீச்சல் குளம் வைத்திருப்பவர் வேலி, மூடி, அலாரம் இப்படி ஏதாவது ஒரு பாதுகாப்பு செய்தாக வேண்டும். "பிள்ளையைக் கவனமாகப் பார்" என்று புத்தி சொல்லி நிறுத்தவில்லை. நம் உச்ச நீதிமன்றமும் 2010-லேயே, கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றை மண் போட்டு நிரப்பச் சொல்லிவிட்டது. வாளிக்கும் அண்டாவுக்கும் யாரும் உத்தரவு போட மாட்டார்கள். அதை நாம்தான் போட வேண்டும்.

நம் முத்தையாபுரத்தில் தண்ணீர் வந்தால் டிரம், அண்டா, குடம் என்று பிடித்து வைப்பது வழக்கம். வேண்டாம் என்று சொல்ல முடியாது. டிரம்முக்கு இறுக்கமான மூடி போடலாம். குளித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்து வைக்கலாம். குளியலறைக் கதவுக்குக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஒரு கொண்டி அடிக்கலாம். பெரிய செலவில்லை.

இன்னொன்று. விசேஷ நாளில் வீடு நிறைய ஆள் இருக்கும்போதுதான் 'யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்ற எண்ணம் வரும். அரசு அலுவலகத்தில் பொறுப்பு ஒப்படைக்காமல் யாரும் இருக்கையை விட்டுப் போக முடியாது. வீட்டிலும் அப்படியே இருக்கட்டும். "இனி நீ பார்த்துக்கொள்" என்று ஒருவரிடம் பெயர் சொல்லிக் கொடுத்து, அவர் "சரி" என்று சொன்ன பிறகு எழுந்து போகலாம். பேரன் பேத்தி உள்ள நம் வயதுக்காரர்கள் இதை இன்றைக்கே ஆரம்பிக்கலாம்.