உள்ளூர் என்றால் எந்த ஊர்?

சேலம் மாவட்டம் சேர்வராயன் மலையில், ஏற்காடு ஊராட்சி ஒன்றியத்தின் ஒன்பது ஊராட்சிகளில் ஒன்று வெள்ளக்கடை. ஏற்காடு என்றதும் ஏரியும் படகும் கோடை விழாவும்தான் வெளியில் இருப்பவர்களுக்கு நினைவுக்கு வரும். அந்தப் படத்தில் மலையாளிப் பழங்குடி மக்கள் இருப்பதில்லை. காபித் தோட்டங்களின் லைன் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வரும் தாழ்த்தப்பட்ட தொழிலாளர்களும் இருப்பதில்லை. ஆனால் அரசாங்கத்தின் கணினித் திரையில் மட்டும் இவர்கள் எல்லோரும் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அரிசி இல்லை, கூலி இல்லை, படிப்பு இல்லை.

ரேசன் கடையில் விரல் ரேகை கேட்கிறார்கள். நூறு நாள் வேலையில் 2023 சனவரி முதல் கைப்பேசிச் செயலி வழியாகத்தான் வருகைப்பதிவு, அதுவும் ஒரு நாளைக்கு இரண்டு முறை படம் எடுத்து ஏற்ற வேண்டும் என்று ஒன்றிய அரசு கட்டாயமாக்கியது. 2024 சனவரி முதல் ஆதார் வழியாக மட்டுமே கூலி என்றது. கல்வி உதவித்தொகை, இனச் சான்றிதழ், பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை எல்லாவற்றுக்கும் முதல் படி இணையத்தில்தான். காபிப் பழம் பறித்தும் மண்வெட்டி பிடித்தும் தேய்ந்துபோன விரலை இயந்திரம் ஏற்க மறுக்கிறது. சிக்னல் கிடைக்காத மேட்டில் நாள் முழுக்க வேலை செய்தவரின் பெயர் வருகைப்பட்டியலில் ஏறாமல் போகிறது. அதிகாரிகள் இதைத் தொழில்நுட்பக் கோளாறு என்பார்கள். கூலியை இழந்தவருக்கு அது கூலித் திருட்டு.

யார் தலையில் இந்தச் சுமை விழுகிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு. பழங்குடி மக்களிடையே அது 54 விழுக்காடுதான். கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு உள்ளிட்ட 15 மாநிலங்கள் மற்றும் ஒன்றியப் பகுதிகளில் பொருளியலாளர் ழீன் திரேஸ் உள்ளிட்டோர் ஓர் ஆய்வு நடத்தினார்கள். கிராமப்புறத்தில் ஒழுங்காக இணையவழியில் படித்த குழந்தைகள் வெறும் 8 விழுக்காடு. தாழ்த்தப்பட்ட, பழங்குடிக் குழந்தைகளைத் தனியாக எடுத்துப் பார்த்தால் அது 4 விழுக்காடு. மற்றவர்களிடையே 15. ‘வீட்டிலிருந்தே படி’ என்று சொன்ன நாட்டில், எந்தத் தெருவில் வீடு இருக்கிறது என்பதுதான் யார் படிப்பது என்பதைத் தீர்மானித்தது.

இதற்கெல்லாம் தீர்வு என்று அரசும் தொண்டு நிறுவனங்களும் பெருநிறுவனங்களும் ஒரே குரலில் ஒன்றைச் சொல்கின்றன: உள்ளூர் மக்களோடு கூட்டுச் சேர்ந்து கிராமங்களில் டிஜிட்டல் திறனை வளர்ப்பது. நல்ல பேச்சுதான். நமக்கு அதில் மறுப்பில்லை. ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. உள்ளூர் என்றால் எந்த ஊர்?

தமிழில் ‘ஊர்’ என்ற சொல்லுக்குள் சேரி அடங்காது. ஊர்க்கூட்டம், ஊர்ப்பொது, ஊர்க்கட்டுப்பாடு என்று சொல்லும்போது சேரிக்காரர் அதில் உறுப்பினர் இல்லை, பெரும்பாலும் அதற்கு இலக்குதான். 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு அவையில் அண்ணல் அம்பேத்கர் பேசும்போது, இந்தியக் கிராமத்தை அறியாமையும் குறுகிய புத்தியும் வகுப்புவாதமும் குடிகொண்ட இடமாகவே கண்டார். கிராமத்தை விட்டுவிட்டுத் தனிமனிதரை அரசமைப்பின் அலகாகக் கொண்டதற்காக மகிழ்ச்சி தெரிவித்தார். அந்த எச்சரிக்கையை மறந்துவிட்டு ‘கிராம சமுதாயத்தோடு கூட்டு’ என்று யார் வந்தாலும், அந்தக் கூட்டு கிராமத்தில் ஏற்கெனவே அதிகாரத்தில் இருப்பவரின் திண்ணையில்தான் போய் உட்காரும்.

இது ஊகம் அல்ல. தமிழ் மண்ணிலேயே பார்த்த கதை.

1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. கணினியே எட்டாக் கனியாக இருந்த காலம் அது. ஊர் இடம் கொடுக்க வேண்டும், ஊர்ப் பெண்களே மையத்தை நடத்த வேண்டும், சேரி மக்கள் உட்பட எல்லோரும் உள்ளே வரலாம் என்பது ஏற்பாடு. வீராம்பட்டினத்தில் மீனவர்களுக்குக் கடல் அலையின் உயரத்தை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 2004 ஆழிப்பேரலையின்போது நல்லவாடு கிராமத்தில் அந்த ஒலிபெருக்கிதான் மக்களை எச்சரித்துக் காப்பாற்றியது. இந்தப் பணியின் பெருமையை யாரும் குறைக்க வேண்டியதில்லை.

ஆனால் எம்பலத்தில் ஊர் கொடுத்த இடம் எது தெரியுமா? கோயில். 2000ஆம் ஆண்டு நியூயார்க் டைம்ஸ் ஏடு அங்கே போய் எழுதியது. அந்தக் கோயிலுக்கு இரண்டு வாசல்கள். ஒன்றில் தாழ்த்தப்பட்டவர்களும் மாதவிடாய்ப் பெண்களும் நுழையக் கூடாது. மற்றொன்று கணினி மையத்துக்கு, அதில் யாரும் நுழையலாம். உலகமே இதைப் பாராட்டியது. சாதி மறுக்கும் வாசலுக்குப் பக்கத்திலேயே அறிவியல் ஒரு வாசலைத் திறந்துவிட்டது என்று நெகிழ்ந்தார்கள். நாம் கேட்பது வேறு. தன்னைத் தீட்டு என்று சொல்லும் வாசலைக் கடந்து போய்த்தான் ஒரு தலித் பெண் கணினியைத் தொட வேண்டும் என்றால், அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் யார்? முதல் வாசல் மூடியே இருப்பதைப் பற்றி அந்தக் கூட்டு ஒப்பந்தத்தில் ஏன் ஒரு வரி கூட எதிர்பார்க்கப்படவில்லை?

அடுத்தது மதுரை மாவட்டம் மேலூர். தனித்தொகுதி ஊராட்சியில் தலைவராக வென்றதற்காகவே மேலவளவு முருகேசனும் உடன் வந்தவர்களும் 1997 சூன் 30 அன்று ஓடும் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்ட அதே மேலூர்ப் பகுதி. நான்கே ஆண்டுகள் கழித்து, 2001இல், சென்னை ஐ.ஐ.டி.யும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து அங்கே கிராம இணைய மையங்களைத் திறந்தன. ‘சாரி’ என்பது திட்டத்தின் பெயர். அந்த மையங்களை யார் பயன்படுத்தினார்கள் என்று இராசேந்திர குமார், மைக்கேல் பெஸ்ட் என்ற இரு ஆய்வாளர்கள் பின்னர் ஆராய்ந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், ஆண்கள், படித்தவர்கள், வசதியானவர்கள், முன்னேறிய சாதியினர். ஏற்கெனவே உள்ள ஏற்றத்தாழ்வை இந்த மையங்கள் அப்படியே தக்கவைக்கக்கூடும் என்று ஆய்வு சொன்னது.

அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. ஒடுக்கப்பட்ட மக்கள் குடியிருப்புக்கு அருகில் மையம் இருந்த இடங்களிலும், அந்த மக்களிடமிருந்தே ஒருவர் முன்னின்று அழைத்து வந்த இடங்களிலும் அவர்கள் அதிகமாக வந்தார்கள். அதாவது, ‘அவர்களுக்கு ஆர்வம் இல்லை’ என்ற பழைய பல்லவி பொய். இடத்தை மாற்றினால், ஆளை மாற்றினால் வருகிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன்பே கையில் கிடைத்த பாடம் இது. இதன் பிறகும் ஒரு மையம் ஊர்த்தெருவில் போய் உட்கார்கிறது என்றால், அதை அறியாமை என்று விட்டுவிட முடியாது.

பெங்களூருவில் சுதர்சன் லேஅவுட் குடிசைப் பகுதியில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் நடத்திய மையத்தின் பெயரே அம்பேத்கர் சமுதாயக் கணினி மையம். தனியுரிமை மென்பொருளுக்குக் காசு கட்டத் தேவையில்லாத குனு/லினக்ஸ் கணினிகள், குடிசைப் பிள்ளைகளின் கையில். அங்கே படித்த ஒரு சிறுவன் ஜிம்ப் மென்பொருளில் வரைந்த ஓவியங்கள் வெளிநாடு வரை பேசப்பட்டன. நகரத்துக் கதைதான். ஆனால் அங்கே ஆர்வலர்கள் ஒடுக்கப்பட்டவர்களின் தெருவுக்குள் போனார்கள், அவர்களை இன்னொருவர் திண்ணைக்கு வரச் சொல்லவில்லை. மலைக்கும் அதுவே பொருந்தும்.

இப்போது சேர்வராயன் மலைக்கு வருவோம். வெள்ளக்கடை போன்ற ஓர் ஊராட்சியில் கூட்டுச் சேர வருகிறவருக்குக் கண்ணில் படும் ‘உள்ளூர்ப் பங்குதாரர்’ யார்? முதலில் தோட்ட முதலாளி. கட்டடமும் மின்சாரமும் வண்டியும் அவரிடம்தான் இருக்கின்றன. ஆனால் லைன் வீடு தொழிலாளியுடையது அல்ல, எஸ்டேட்டுடையது. வேலை போனால் வீடும் போகும். அந்த முதலாளியின் கட்டடத்தில் உட்கார்ந்து, குறைந்த கூலி தருகிறார் என்று ஒரு தொழிலாளி இணையத்தில் புகார் கொடுப்பாரா?

அடுத்தது ஊராட்சி. சேலம் உள்ளிட்ட மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 சனவரி 5 அன்று முடிந்ததும், தேர்தல் நடத்தாமல் தனி அலுவலர்களிடம் ஊராட்சிகள் ஒப்படைக்கப்பட்டன. பாரத்நெட் கண்ணாடி இழை தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் இணைக்கும் திட்டம். இணைப்பு வந்து சேரும் ஊராட்சி அலுவலகத்தில் மக்கள் தேர்ந்தெடுத்தவர் இல்லை என்றால், யாரிடம் போய்க் கேட்பது? தமிழ்நாட்டில் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒன்றுகூட இல்லை. அதனால் பழங்குடிக் கிராம சபைகளுக்கு மற்ற மாநிலங்களில் உள்ள தனி அதிகாரமும் இங்கே இல்லை.

மூன்றாவதாக மரபுத் தலைமை. மலையில் சாதி இல்லை, எல்லோரும் ஒன்று என்று கீழே இருந்து வருகிறவர்கள் கற்பனை செய்துகொள்வதுண்டு. பழங்குடிக் கிராமத்தின் பெரியதனமும் ஆண்களின் கையில்தான். லைன் வீட்டுத் தாழ்த்தப்பட்ட தொழிலாளியை ‘நம்மவர்’ என்று கணக்கில் கொள்ளாத பார்வை மலையிலும் உண்டு. பழங்குடி மக்களின் உரிமைக்காக நிற்கிற நாம் இதைச் சொல்லாமல் விட முடியாது.

இப்படி வழக்கமான பங்குதாரர்களை வைத்து நடக்கும் டிஜிட்டல் மையத்தில் என்ன உருவாகிறது? புதிய கர்ணம். எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் என்ற பலத்தில், யாருடைய நிலம் யார் பெயரில் இருக்கும் என்பதைப் பரம்பரை பரம்பரையாகத் தீர்மானித்தவர் கர்ணம். 1980 நவம்பரில்தான் அந்தப் பதவியைத் தமிழ்நாடு அரசு ஒழித்தது. எஸ்டேட்டில் அதே வேலையைக் கணக்குப்பிள்ளையும் கங்காணியும் செய்தார்கள். இன்று கடவுச்சொல்லை வைத்திருப்பவர் அந்த நாற்காலியில் உட்காருகிறார். நம் பிள்ளையின் உதவித்தொகைக்கு அவர் எண்ணுக்குத்தான் ஓ.டி.பி. போகிறது. பழங்குடியினர் சான்றிதழை 1989 நவம்பர் முதல் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அந்த மனு எந்த மேசையில் நிற்கிறது, ஏன் திருப்பப்பட்டது என்பது அவருக்குத்தான் தெரியும். மனுதாரருக்குத் தெரியாது.

ஆகவே, திறன் வளர்ப்பு என்பது விசைப்பலகையில் தட்டக் கற்றுக்கொடுப்பதோ, பெருநிறுவனம் தன் சமூகப் பொறுப்பு நிதியில் நான்கு கணினி கொடுத்துச் சுவரில் பெயர் எழுதிவிட்டுப் போவதோ அல்ல. இடைத்தரகர் இல்லாமல் அரசோடு மல்லுக்கட்டும் பலம்தான் திறன். குசராத்தில் நர்மதா மாவட்டத்தின் தேடியாபாடாப் பகுதியில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். வன உரிமைச் சட்டத்தில் பழங்குடியினர் கொடுத்த ஏராளமான மனுக்கள் ஆதாரம் இல்லை என்று தள்ளப்பட்டபோது, ஆர்ச் வாகினி என்ற அமைப்பு ஊர் இளைஞர்களுக்கு ஜி.பி.எஸ். கருவியைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தது. அவர்களே தங்கள் வயல்களை அளந்து, செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்தி, இந்த நிலத்தில் நாங்கள் உழுதுகொண்டிருந்தோம் என்று நிறுவினார்கள். அதுவரை அதிகாரியின் கையில் இருந்த வரைபடம் மக்களின் சாட்சியாக மாறியது. தமிழ்நாட்டிலோ, 2006ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி உரிமைப் பட்டயம் வழங்குவதே நீதிமன்றத் தடையால் 2016 வரை முடங்கிக் கிடந்தது. இழந்த அந்த ஆண்டுகளை ஈடுகட்ட, சேர்வராயன் மலை இளைஞர்களுக்குத் தேவைப்படும் கணினிப் பாடம் இதுதான்.

அப்படியானால் கூட்டுக்கு நாம் வைக்கும் நிபந்தனைகள் என்ன?

முதலாவது, இடம். கோயில், எஸ்டேட் கட்டடம், தனியார் வீடு ஆகிய மூன்றும் கூடாது. அரசுப் பள்ளி, அங்கன்வாடி, ரேசன் கடை என்று எல்லோரும் உரிமையோடு நுழையும் பொது இடம் வேண்டும். அதுவும் காலனிக்கும் லைன் வீட்டுக்கும் நடந்து போகிற தூரத்தில்.

இரண்டாவது, நாற்காலி. மையத்தை நடத்தும் வேலை பழங்குடி, தாழ்த்தப்பட்ட சமூகப் பெண்களுக்கு. சேவை மனப்பான்மை என்று சொல்லி இலவச உழைப்பாக அதை வாங்கக் கூடாது. மாதச் சம்பளம் வேண்டும். ஒன்றிரண்டு பெண்களிடம் மட்டும் கடவுச்சொல் தங்கிவிடாதபடி, ஆண்டுதோறும் புதியவர்கள் பயிற்சி பெற வேண்டும்.

மூன்றாவது, நேரமும் மொழியும். பகல் முழுக்கத் தோட்டத்தில் இருப்பவருக்குக் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை திறந்திருக்கும் மையம் பூட்டிய மையம்தான். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருக்க வேண்டும். படிவம், ஒப்புகை, மறுப்புக் காரணம் எல்லாம் தமிழில் வேண்டும்.

நான்காவது, மாற்று வழி. சிக்னல் இல்லை, விரல் ரேகை பதியவில்லை என்ற காரணத்துக்காக ஒருவரின் அரிசியோ கூலியோ நிற்கக் கூடாது. தாளில் எழுதிய பதிவேடு செல்லும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். இந்த உறுதி இல்லாமல் நடத்தும் பயிற்சி, இயந்திரத்தின் குற்றத்தை மக்களின் அறியாமை மேல் போடும் வேலையாகவே முடியும்.

ஐந்தாவது, கணக்கு. எத்தனை மனு போனது, எத்தனை ஏற்கப்பட்டது, எந்தக் குடியிருப்பிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்பதைக் கிராம சபையில் படித்துக் காட்ட வேண்டும். ‘எல்லோருக்கும் பொது’ என்ற ஒற்றை எண்ணுக்குப் பின்னால் சாதி ஒளிந்துகொள்ளும். பிரித்துச் சொன்னால்தான் வெளியே வரும்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூட வேண்டும்: சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வெள்ளக்கடையிலோ வேறு எந்த ஊராட்சியிலோ கணினித் திட்டத்தோடு யாராவது வந்தால், அடுத்த கிராம சபையில் இந்த ஐந்தையும் தீர்மானமாக வைக்க வேண்டும். வைக்கப்போவது ஊர்ப் பெரியவர்கள் அல்ல. வருகைப்பட்டியலில் பெயர் ஏறாத அந்தப் பெண்கள்தான் வைக்க வேண்டும். அவர்களோடு அன்றைக்குப் போய் உட்கார்வது மலைக்குக் கீழே இருக்கும் நம் தோழர்களின் வேலை.