டவருக்குத் தெரியும்

சிவகிரி மலையடிவாரத்தில் யானை இறங்கினால் வனக்காவலர் கையிலுள்ள வாக்கிடாக்கி கரகரக்கும். சாதாரண வாக்கிடாக்கியில் அதே அலைவரிசையில் இருப்பவர் எவரும் பேச்சைக் கேட்கலாம். பேசியவர் நேற்று எங்கே இருந்தார் என்ற பதிவு மட்டும் எந்த நிறுவனத்திடமும் தங்காது. செல்போன் நேர்மாறு. சட்டைப்பையில் சும்மா கிடந்தாலும் பக்கத்து டவரிடம் தன் இருப்பைச் சொல்லிக்கொண்டே இருக்கும். எந்த டவர் என்பதும் அடங்கிய அழைப்பு விவரங்களைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் குறைந்தது 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் அரசு விதித்தது. ஜாமீனில் வந்தவர் கூகுள் மேப்பில் இருப்பிடத்தைக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையை, அந்தரங்க உரிமைக்கு விரோதமென்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. குற்றம் சாட்டப்பட்டவருக்கே உள்ள உரிமையை, ஒரு டார்ச் லைட் செயலி கேட்டதும் நாம் தூக்கிக் கொடுக்கலாமா? போனில் லொகேஷன் அனுமதிப் பட்டியலைத் திறந்து, தேவையில்லாத செயலிகளை இன்றே நிறுத்துங்கள்.