இதய ஸ்டென்டுக்கு விலை வரம்பு, சிறுநீரகத்துக்கு?

சாயப்பட்டறையிலும் பனியன் கம்பெனியிலும் தண்ணீர் குடிக்க நேரமின்றி வெக்கையில் உழைப்பவனை சிறுநீரகக் கல் எளிதில் பிடித்துக்கொள்கிறது. 1980-ல் ஜெர்மனியின் மியூனிக்கில் அதிர்வலையால் முதன்முதலாகக் கல்லை உடைத்தார்கள். இன்று கோவையில் லேசர். வரவேற்போம்! ஆனால் விலை?

2017 பிப்ரவரியில் இதய ஸ்டென்டுக்கு மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது. மருந்து பூசியது 29,600 ரூபாய். ஆகஸ்டில் மூட்டுக் கருவிக்கும் வந்தது. கல் எடுத்தபின் சிறுநீர்ப் பாதையில் வைக்கும் டி.ஜே. ஸ்டென்டுக்கு அந்த உச்சவரம்பு இல்லை. எம்.ஆர்.பி.யை ஓராண்டில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது, அவ்வளவுதான். முதலில் அச்சிடும் விலையே அநியாயமாக இருந்தால்?

பில்லில் ஸ்டென்டின் பெயரையும் விலையையும் தனியே எழுதித் தரக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அதை எடுக்க வேண்டிய தேதியையும் சீட்டில் குறித்து வாங்குங்கள். மாதக்கணக்கில் மறந்துவிட்டால் அதன்மேலேயே கல் படியும். மறுபடியும் ஆபரேஷன், மறுபடியும் பில்!