நானோவைக் கொன்னது கௌரவமாம்... கதை விடாதீங்க சார்!

2024 அக்டோபர் 9-ம் தேதி ரத்தன் டாடா காலமானாரு. அன்னிலேர்ந்து ஒரு கதை வாட்ஸப்புல சுத்தோ சுத்துன்னு சுத்துது. மழையில நாலு பேரா ஸ்கூட்டர்ல நனைஞ்சுக்கிட்டுப் போன குடும்பத்தை அவர் பார்த்தாராம், மனசு கேக்காம லட்ச ரூபாய்க்கு கார் செஞ்சு கொடுத்தாராம். நன்றிகெட்ட நம்ம ஜனங்க அதை "ஏழைங்க வண்டி"ன்னு ஒதுக்கி வச்சு சாகடிச்சுட்டாங்களாம்.

முதல் பாதியோட எனக்குத் தகராறு இல்ல, அவரே பல தடவை சொன்னதுதான். எரிச்சல் கிளப்புறது அந்த ரெண்டாவது பாதி. "மலிவான கார்னு முத்திரை குத்தினது தப்பாப் போச்சு"ன்னு கம்பெனி பக்கமே சொன்னாங்க. அதுலேர்ந்து மேனேஜ்மென்ட் வகுப்பு வரைக்கும் இதே பாட்டுதான். அதாவது கார்ல குத்தம் இல்ல, வாங்காத ஜனங்க மேலதான் குத்தம். அவங்களுக்கு ஜம்பம் ஜாஸ்தி. வட சென்னைக்காரனா இதைக் கேட்டா எனக்குப் பத்திக்கிட்டு வருது.

ஜம்பம்னே வச்சுப்போம். அப்ப குட்டியானையை என்ன செய்றது?

2005 மே மாசம் அதே டாடா கம்பெனி ஏஸ்னு ஒரு வண்டி விட்டுது. ரெண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின், 702 சிசி, 16 குதிரை சக்தி, விலை சுமார் 2.25 லட்சம். பார்க்க அழகெல்லாம் ஒண்ணும் இல்ல, முன்னாடி மூஞ்சி, பின்னாடி தொட்டி, அவ்வளவுதான். நம்ம ஊர் அதுக்குக் குட்டியானைன்னு பேர் வச்சு வீட்டுப் பிள்ளையாவே ஆக்கிக்கிச்சு. காசிமேட்டுல விடியக்காலையில போய்ப் பாருங்க. ஐஸ் பெட்டியும் மீன் கூடையும் ஏத்திக்கிட்டு சிந்தாதிரிப்பேட்டைக்குக் கிளம்பறது யாரு? அதே வண்டியோட அடியில 2007-ல மேஜிக்குன்னு ஒண்ணு வந்தது, அதுவும் ஷேர் ஆட்டோவா ஓடி சோறு போட்டுது. சின்ன வண்டி, மலிவு வண்டி, டாடா வண்டி, இதுல எதுக்குமே இந்த ஜனங்க வெக்கப்படல. இன்னொரு விஷயம் தெரியுமா? ஏஸ் திட்டத்தை நடத்தின கிரீஷ் வாக்தான் நானோ திட்டத்தையும் நடத்தினாரு. ஒரே கம்பெனி, ஒரே ஆளு, நாலே வருஷ இடைவெளி. ஒண்ணை வாரி அணைச்ச அதே ஜனம் இன்னொண்ணை ஏன் ஒதுக்கணும்? கணக்குப் போட்டுப் பார்த்தாங்க, இடிச்சுது. அம்புட்டுதான் மேட்டர்.

அதுக்காக நானோவைக் குப்பைன்னு சொல்றவங்க கட்சியிலயும் நான் சேர மாட்டேன். நண்பனோட அப்பா ஒரு 2012 மாடல் வச்சிருந்தார், அதை நான் ராயபுரம் பூரா ஓட்டியிருக்கேன். நீளம் 3.1 மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டர். திரும்புறதுக்கு 4 மீட்டர் ஆரம் போதும். கல்மண்டபம் மார்க்கெட் பக்கம், எதிர்ல ஒரு மீன்பாடி வண்டி, பின்னால ஒரு ஆட்டோ, நடுவுல நாம. இந்த நிலைமையில ரிவர்ஸ் கூட எடுக்காம ஒரே மடக்குல திருப்பிக்கிட்டு வெளிய வர்ற கார் வேற எதையும் நான் ஓட்டினதில்ல. எஞ்சினைப் பின்னாடி தள்ளிட்டதால உள்ள இடம் தாராளம். ஆறடி ஆளு பின்சீட்டுல முட்டி இடிக்காம உக்காரலாம், தலையும் தட்டாது. தரைக்கும் வண்டிக்கும் 180 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கறதால நம்ம பள்ளங்களுக்கும் ஸ்பீட் பிரேக்கருக்கும் பயமே இல்ல. 600 கிலோ வண்டிக்கு 624 சிசி எஞ்சின் சிட்டிக்குள்ள தாராளமாப் போதும். இவ்வளவையும் அந்த விலைக்குள்ள அடக்கினது சாதாரண வேலை இல்ல. பொறியியல் படிச்சவன்ங்கற முறையில (சாஃப்ட்வேர்ல குப்பை கொட்டினாலும் டிகிரி டிகிரிதானே!) அந்த டீமுக்கு ஒரு சல்யூட்.

ஆனா வாங்கப் போற ஆளு யாருன்னு பார்க்கணும் இல்லியா? 1949-லயே ஆஸ்டின் ஏ40 கார் பூட்டின ஊரு எண்ணூர். அப்புறம் லேலண்ட், திருவொற்றியூர்ல என்ஃபீல்டு, எம்ஆர்எஃப். எங்க தெருவுல வீட்டுக்கு ஒரு ஃபிட்டராவது டர்னராவது இருப்பாங்க. விளம்பரத்தைப் பார்த்து வாயைப் பொளக்கற கும்பல் இல்ல இது, பானெட்டைத் திறந்து பார்க்கற கும்பல். திறந்தா உள்ள ஸ்டெப்னி இருக்கு! எஞ்சினைப் பார்க்கணும்னா பின்சீட்டை மடக்கி மூடியைக் கழட்டணும். வீலுக்கு மூணே நட்டு. லேலண்ட்ல ரிட்டயர் ஆன எங்க பெரியப்பா அந்த மூணு நட்டைப் பார்த்துட்டு, "தம்பி, கணக்குப்படி மூணு தாங்கும்டா. ஒண்ணு லூஸாச்சுன்னா மீதி எத்தினி?"ன்னு கேட்டார். பதில் சொல்ல நான் யாரு.

அடுத்தது டிக்கி. வெளிய பார்த்தா பின்கதவு மாதிரியே இருக்கும், ஆனா திறக்காது. பின்சீட்டை மடக்கி உள் வழியாத்தான் சாமானைப் போடணும். அரிசி மூட்டையோ கேஸ் சிலிண்டரோ ஏத்திப் பாருங்க, இடுப்பு போயிடும். திறக்கற கதவு வந்தது 2015-ல, ஆறு வருஷம் கழிச்சு. அப்போ ஆரம்ப விலையே 1.99 லட்சம். அந்தக் காசுக்கு செகண்ட் ஹேண்ட்ல நாலு கதவு, ஒரு டிக்கி, முன்னாடி எஞ்சின்னு எத்தனையோ வண்டி, அதுவும் ஒவ்வொரு தெரு முனை மெக்கானிக்குக்கும் கைவந்த வண்டி.

இதெல்லாம் கூடப் பரவாயில்ல. என் பெரிய சண்டை பாதுகாப்புலதான். ஏன்னா அந்த ஸ்கூட்டர் கதையோட உசுரே "இந்தக் குடும்பம் பத்திரமாப் போகணும்"ங்கறதுதானே?

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல ராத்திரி ஓட்டினவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் துறைமுகத்துக்குள்ள போகக் காத்திருக்கற நாப்பதடி ட்ரெய்லருங்க வரிசை. நடுவுல மிச்சம் இருக்கற தாருல நம்ம. இங்க ஒரு காரோட எடை மூணு புல்லட் எடையை விடக் கொஞ்சம்தான் கூடன்னா அடிவயிறு கலங்கத்தான் செய்யும். அந்த பயம் சும்மா இல்லன்னு 2014 ஜனவரியில தெரிஞ்சுது. குளோபல் என்கேப் 64 கிலோமீட்டர் வேகத்துல மோதிப் பார்த்தப்போ நானோவுக்குக் கிடைச்சது பூஜ்யம் ஸ்டார். நியாயமாச் சொல்லணும்னா அன்னிக்கு சோதிச்ச அஞ்சு இந்திய கார்களுமே பூஜ்யம்தான், ஆல்டோ, ஐ10, ஃபிகோ, போலோ எல்லாம் சேர்த்து. ஆனா ஒரு வித்தியாசம் இருந்தது. ஃபிகோ, போலோ ரெண்டோட கூடு நின்னுச்சு, ஏர்பேக் மாட்டினா தேறும். நானோ, ஆல்டோ, ஐ10 மூணோட கூடே நசுங்கிப் போச்சு, ஏர்பேக் மாட்டினாலும் பெருசாப் பிரயோஜனம் இல்லைன்னுட்டாங்க. அதுக்கும் முன்னாடி 2010-ல சில நானோ தீப்பிடிச்சு எரிஞ்ச செய்தி வேற. அந்த வருஷம் நவம்பர்ல நாடு முழுக்க வித்தது 509 வண்டி. அந்த மாசம் ஷோரூம் பக்கம் போகாத தகப்பன்கிட்டப் போய் "உனக்கு அந்தஸ்து முக்கியம்"னு சொல்லுவீங்களா?

"பைக்கை விட சேஃப்தானே?"ன்னு கேப்பீங்க. ஆமாங்க. மழைக்கு நனையாது, மணல்ல வழுக்கி விழாது, குழந்தை தூங்கிச்சுன்னா பயம் இல்ல. தெருவுக்குள்ள 30-ல போற வரைக்கும் இது நிஜமான பலம், மறுக்கவே மாட்டேன். ஆனா பைக் வச்சிருக்கறவன் பைக்கை வித்துட்டு நானோ வாங்க முடியாது. காசிமேடு ஹவுசிங் போர்டுல மூணாவது மாடியில இருக்கறவன் காரை எங்க நிறுத்துவான்? வேலைக்குப் போக பைக் வேணும், ஞாயித்துக்கிழமைக்கு நானோ வேணும். ரெண்டுக்கும் டியூ கட்டணும். குட்டியானை டியூவை குட்டியானையே கட்டிடும், நானோவோட டியூவை நீங்கதான் கட்டணும்.

வருஷத்துக்கு 2.5 லட்சம் வண்டி செய்யலாம்னு சானந்த்ல கட்டின ஆலை, 2018 ஜூன் மாசம் செஞ்ச நானோ ஒண்ணே ஒண்ணு. பாவமாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பாவத்தைத் தூக்கி ஸ்கூட்டர் குடும்பத்துத் தலையில கட்டாதீங்க. 2009 ஏப்ரல்ல ரெண்டு லட்சத்துக்கு மேல புக் பண்ணாங்களே, அவங்களுக்கெல்லாம் அப்போ ஜம்பம் எங்க போயிருந்துது? லீவு போட்டிருந்துதா?

இப்ப 2025 செப்டம்பர் 22-லேர்ந்து சின்ன காருக்கு ஜிஎஸ்டியை 28-லேர்ந்து 18 சதவீதமாக் குறைச்சிருக்காங்க. மறுபடியும் "சாமானியன் கார்"னு பேச்சு கிளம்பியிருக்கு. பேசுங்க, நல்லதுதான். விலையைக் கேக்கறதுக்கு முன்னாடி டிக்கி திறக்குமா, மோதினா கூடு நிக்குமா, தெரு மெக்கானிக் கைக்கு எஞ்சின் எட்டுமான்னு எங்க பெரியப்பா கேக்கறதையும் சேர்த்துக் கேளுங்க. அப்புறம், குட்டியானை இன்னும் சாகல. 2025 ஜூன்ல ஏஸ் ப்ரோன்னு 3.99 லட்சத்துக்குப் புதுசு இறக்கியிருக்காங்க. காசிமேட்டுல அதுக்கு இன்னும் தனியா ஒரு பேர் வைக்கல. பார்ப்போம்.