பியூஸை மாற்றினால் பிணி தீருமா?

என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளையும் அசோக் லேலண்டு லாரியையும் நாட்டுக்கு ஈந்த பூமி நம் திருவொற்றியூர் – எண்ணூர்ப் பகுதி. இங்குப் பெரிய ஆலை முதல் சாத்தங்காட்டுச் சிறு பட்டறை வரை, எல்லாவற்றுக்கும் உயிர்நாடி ஒன்றுதான்: சுவரோரம் சாம்பல் நிறத்தில் நிற்கும் மின் பேனல். அது நின்றால் ஆலை நிற்கும். ஆயினும் அது ஏன் நின்றது என்று கேட்போர் மிகச் சிலரே. பியூஸை மாற்று, பிரேக்கரைத் தூக்கி விடு, மறுபடி விழுந்தால் மறுபடி தூக்கு என்பதே பல இடங்களில் நடைமுறை. இது பழுதுபார்ப்பு ஆகாது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

என் சித்தப்பா ஓர் ஆலையில் எலக்ட்ரீஷியன். அங்கே ஒரு பேனல் இரண்டு வாரத்தில் ஐந்து முறை விழுந்தது. பிரேக்கரை இருமுறை மாற்றினார்கள், பலனில்லை. "எர்த் லீக்கேஜ் ரிலேயின் செட்டிங்கை ஏற்றி வைத்துவிடு, தொல்லை தீரும்" என்று மேலிருந்து யோசனை வந்தது. காய்ச்சல்காரனுக்கு மருந்து கொடுக்காமல் தெர்மாமீட்டரை உடைப்பது போன்ற யோசனை அது! சித்தப்பா செட்டிங்கைத் தொடவில்லை. பேனல் விழும் நேரத்தை மட்டும் கதவின் உட்புறத்தில் சாக்கட்டியால் எழுதி வந்தார். ஐந்தும் விடியற்காலை நான்கு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில்!

பளுதான் காரணம் என்றால், எந்திரங்கள் எல்லாம் ஓடும் பகலில் அன்றோ விழ வேண்டும்? விடியலில் மிகுவது பளு அன்று, ஈரம். மின்சாரத்தை முற்றிலும் துண்டித்துவிட்டுப் பார்த்தபோது உண்மை தெரிந்தது. அடியில் கேபிள் நுழையும் துவாரம் அடைக்கப்படவில்லை. உள்ளே ஈரம் தங்காமல் இருக்க வைத்திருந்த ஹீட்டர் எப்போதோ செத்துவிட்டது. மின்காப்புப் பலகையின் மேல் கறுப்பாக ஒரு கோடு, எறும்பு ஊர்ந்த தடம் போல.

அந்தக் கோட்டின் கதை நம் ஊரின் கதை. வங்கக் கடலின் உப்புக் காற்று பேனலுக்குள் புகுந்து மெல்லப் படிகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால், சமையல் உப்பு தானே நீரை ஈர்த்துக் கரையும். கடலுப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடோ அதற்கும் முன்னமே ஈரமாகிவிடும். உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும். கசியும் மின்னோட்டம் பலகையைச் சிறிது சிறிதாகக் கரியாக்குகிறது. கரியும் ஒரு கடத்தி. பகலில் உலர்ந்து நல்லபிள்ளையாக இருக்கும் பேனல் விடியலில் விழும் மர்மம் இதுதான். துவாரத்தை அடைத்து, பலகையை மாற்றி, ஹீட்டரையும் புதுப்பித்தார்கள். அதன்பின் அந்தப் பேனல் அக்காரணத்தால் விழவில்லை. இரண்டு பிரேக்கர்களின் விலையை எண்ணிப் பார்த்தால் இச்செலவு கொசுறு.

எல்லாப் பேனலுக்கும் இதே நோய் என்று கூறவில்லை. பளு ஏறும் பிற்பகலில் விழுவது வேறு வகை. அங்கே இணைப்புகளைச் சந்தேகிக்க வேண்டும். தளர்ந்த இணைப்பில் ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு மின்தடை இருப்பதாகக் கொள்வோம். 200 ஆம்பியர் ஓடினால் அங்கே 40 வாட் வெப்பம், அதாவது ஒரு சால்டரிங் அயர்னின் வெப்பம்! 400 ஆம்பியரானால் 160 வாட். மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு என்பது நாம் வகுப்பில் படித்த ஜூல் விதி. செம்பைவிட அலுமினியம் வெப்பத்தில் அதிகம் விரியும். எனவே தக்க லக் இல்லாமல் இரண்டையும் சேர்த்து முடுக்கிய இணைப்பு, சுட்டும் ஆறியும் நாளடைவில் தளர்கிறது. சூட்டைத் தணிக்கவென்று கதவைத் திறந்துவைத்து எதிரே மின்விசிறியைச் சுழல விடுவார்கள். உப்பையும் தூசியையும் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்கு இதைவிட வேறு வழி வேண்டுமா?

இது சிறு பட்டறைகளின் அறியாமை மட்டுமன்று. 2012 ஜூலை 30 அன்று வட இந்திய மின்தொகுப்பே சரிந்தது. சரி செய்தார்கள். மறுநாளே மீண்டும் சரிந்தது. இம்முறை கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகளும் சேர்ந்து, 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி இருண்டது. இரு நாளும் சரிவுக்குத் தொடக்கம் பீனா – குவாலியர் என்னும் அதே மின்பாதை. மின்சாரத்தை மீட்டார்கள், ஆனால் பாதையின் மேல் விழுந்த மிகைப்பளு என்ற மூலகாரணம் அப்படியே இருந்தது. பேனலானாலும் பாரதமானாலும் பாடம் ஒன்றே.

"ஒரு மணி நேரம் நின்றால் எத்தனை நஷ்டம் தெரியுமா?" என்று நிர்வாகிகள் கேட்பர். நியாயமான கேள்விதான், ஆர்டர் தவறினால் தொழிலாளியின் கூலிக்கும் கேடு. ஆனால் ஐந்து முறை அரைமணி நின்றதன் கணக்கை யார் எழுதுகிறார்கள்? ஒருமுறை நிறுத்திக் காரணம் காண்பதே மலிவு. பணக் கணக்கினும் பெரிது உயிர்க் கணக்கு. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 161ஆம் பிரிவு, உயிரிழப்போ காயமோ விளைத்த, அல்லது விளைத்திருக்கக்கூடிய விபத்தைத் தெரிவிக்கச் சொல்கிறது. ஆளுக்கு அடிபட்டால் விசாரணை உண்டு. வெறுமனே விழுந்த பேனலை யார் விசாரிக்கிறார்கள்? அதுவோ விபத்து அனுப்பும் முன்னறிவிப்பு! ஐந்து முறை எச்சரித்த பேனலின் வாயைச் செட்டிங்கை ஏற்றி அடைத்துவிட்டால், ஆறாம் முறை அது மனிதன் மூலமாகத்தான் பேசும். அந்த மனிதன் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளி. நேற்றைய ஷிப்டில் நடந்தது அவனுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

ஆகவே நான் வேண்டுவன மூன்று. ஒவ்வொரு பேனலுக்கும் ஒரு குறிப்பேடு வேண்டும்: விழுந்த நாள், நேரம், பளு, மழையா வெயிலா என்ற விவரம். ஒரே பேனல் ஒரு மாதத்தில் இரண்டாம் முறை விழுந்தால், காரணம் எழுதாமல் மீண்டும் ஏற்றக் கூடாது. "இன்று நிறுத்தத்தான் வேண்டும்" என்று சொல்லும் எலக்ட்ரீஷியனின் சொல்லுக்கு, மேலதிகாரியின் அவசரத்தைவிட மதிப்பு வேண்டும்.

கலைக்கல்லூரி மாணவர்க்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் வினவலாம். நாம் பேனலைத் தொட வேண்டியதில்லை, தொடவும் கூடாது. ஆனால் நம்மில் பலருடைய தந்தையரும் அண்ணன்மாரும் அந்தப் பேனல்களின் எதிரே நிற்பவர்கள். அவர்கள் சொல்லும் நாளையும் நேரத்தையும் தாளில் வரிசைப்படுத்தவும், ஈரப்பதத்தோடு ஒப்பிட்டு வரைபடம் போடவும் இயற்பியல் மாணவனுக்கு இயலாதா? நோயைத் தேர்ந்து, அதன் மூலத்தையும் தேர்ந்து, பிறகே மருந்து செய்க என்பது வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் காட்டிய நெறி. தேர்வுத் தாளில் அதற்குப் பொருளெழுதி மதிப்பெண் வாங்குகிறோம். வீட்டுக்குப் போனதும், வேலை முடித்து வந்த தந்தையிடம், "இன்று பேனல் எத்தனை மணிக்கு விழுந்தது அப்பா?" என்று கேட்போம். மருத்துவம் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.